இடது காதில் ஏழாம் வண்டி

பதினோரு வருடங்களாக என் இடது காதில் ஒரு மனிதர் குடியிருந்தார். அவரை நான் நேரில் பார்த்தது மொத்தம் நான்கே முறை. நான்கு முறையும் ஆண்டுக் கூட்டத்தில்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குரலை வைத்து ஆறடி ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். அவரும் என்னைப் பற்றி ஏதோ நினைத்து வைத்திருந்திருக்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது.

எனக்கு வேலை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், பகல் ஷிஃப்ட். ஹெட்செட்டின் வலது காதில் அழைப்பவர்கள், இடது காதில் வண்டிகள். வலது காதில் ஒருத்தி புருஷன் மயங்கி விழுந்துவிட்டார் என்று அழுதுகொண்டிருப்பாள். அதே நொடியில் இடது காதில் மூன்றாம் வண்டி டீசல் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லும். இரண்டையும் வாங்கி, எது இப்போது வேண்டும், எது பிறகு என்று பிரித்து, விலாசத்தையும் தட்டச்சு செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மூன்று மாதத்தில் தலைவலி என்று ஓடிவிடுவார்கள். நான் இருபது வருடம் தாக்குப்பிடித்தேன். என் காதுகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

நான் அழைப்பில் இருக்கும்போது வண்டி பேசினால் மேஜையில் மஞ்சள் விளக்கு எரியும். கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு பட்டனை அழுத்துவேன். ஓட்டுநருக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் போகும். அதற்குக் 'கேட்டாச்சு' பட்டன் என்று பெயர். கேட்ட பிறகுதான் அழுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த அறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. விளக்கு எரிந்ததும் விரல் தானாகப் போய் அழுத்திவிடும். காது எப்படியும் கேட்டுவிடும் என்ற தைரியம்தான்.

அழைப்பு இல்லாத நேரங்களில் வண்டிகளின் குரல் அறையின் ஸ்பீக்கரில் வரும். ஊருக்கே கேட்கும். அப்போது வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச முடியாது. எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஸ்டாப்வாட்ச். பாத்ரூம் போனால்கூட நேரம் பார்ப்பவர். அதனால் ஏழாம் வண்டிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் அழைப்பில் இருப்பதை அவர் வண்டியில் ஒரு விளக்கு காட்டும், அப்போதுதான் என்னிடம் பேசுவார். அப்போது அவர் குரல் என் இடது காதுக்கு மட்டும் வரும். நான் பதில் பேச முடியாது, பேசவும் வேண்டாம். ஒரு டிக் என்றால் கேட்டேன். இரண்டு டிக் என்றால் சிரித்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும் நாய், எதிர்வீட்டு ஜன்னலில் தினமும் சண்டை போடும் தம்பதி, மனைவி போன பிறகு தானே சட்டைக்குப் பட்டன் தைக்கப் பழகியது, இப்படி எல்லாம் சொல்வார். நான் ஒருவருடைய வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டே இரண்டு டிக் கொடுப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்வேன். வெளியூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வான். நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு நாளில் என்னை நினைத்து யாராவது பேசினார்கள் என்றால் அது ஏழாம் வண்டிதான்.

போன வருடம் ஒரு காலை வேளையில் என் இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்டப் போனால் அது வேறெங்கோ போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். மூளைக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். "பெரிசா ஒண்ணுமில்ல. கை சரியாயிடும்," என்றார் டாக்டர். கை சரியாகத்தான் ஆயிற்று. ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன்.

முதல் நாள் காலை ஸ்பீக்கரிலேயே அவர் குரல் வந்தது. "கண்ட்ரோல், ஏழு பேசறேன். நீங்க திரும்பி வந்ததுல சந்தோஷம்." அறையே சிரித்தது. ஸ்டாப்வாட்ச்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என் காதில் பேசவே இல்லை.

ஸ்பீக்கரில் வரும் வேலைப் பேச்சு மட்டும் உண்டு. "கிளம்பிட்டேன்." "சேர்ந்துட்டேன்." நான் அழைப்பில் இருக்கும்போது இடது காது வெறிச்சென்று இருந்தது. முதல் வாரம், பாவம், என் உடம்புக்குத் தொந்தரவு வேண்டாம் என்று இருக்கிறார் போலும் என நினைத்தேன். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. நோயாளி ஆகிவிட்டவளிடம் என்ன பேச்சு என்று நினைத்துவிட்டாரா? எனக்கும் ரோஷம் உண்டு. நானாகக் கேட்பதாவது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். சனிக்கிழமைகளில் துணி துவைக்கும்போது அவரைத் திட்டிக்கொண்டே கசக்கினேன். இரண்டு புடவை சாயம் போனதுதான் மிச்சம்.

மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இருந்தது. ஏழாம் வண்டியின் ஓட்டுநர் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டார், புது ஆள் வருகிறார் என்று. பதினோரு வருடம் பேசிய மனிதர் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்க யாரும் இல்லாததால் யாருக்கும் அது தெரியவுமில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்றாம் வண்டி விவகாரம் நடந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு, மகள் பேசிக்கொண்டிருந்தாள். வழியில் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பின்பக்கமாக வருகிறேன், பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்று மூன்றாம் வண்டி என் காதில் சொன்னதாம். நான் டிக் கொடுத்தேனாம். மகளிடம் சொல்லவில்லை. வண்டி பின்பக்கம் பூட்டிய கேட்டுக்கு முன்னால் பதினோரு நிமிடம் நின்றது. வீட்டுக்காரர்கள் முன்வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். அதற்கு நான் காரணமில்லை.

ஸ்டாப்வாட்ச் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் பதிவைப் போட்டார். எல்லா அழைப்பும் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பதிவாகும். ஓட்டுநரின் குரல் பளிச்சென்று கேட்டது. கடைசியில் டிக்.

"இது யார் அழுத்தினது?" என்றார்.

"நான்தான்."

"அப்புறம் கேக்கலைன்னு சொன்னா எப்படிங்க?"

"கேக்கல சார். விளக்கைப் பார்த்து விரல் தானா அழுத்தியிருக்கும். சத்தியமா அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரல."

அவர் என்னை நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். வேண்டியது மட்டும் காதில் விழுகிறது இவளுக்கு என்று நான் வெளியே வந்தபோது அடுத்த மேஜைக்காரி சொன்னது நன்றாகவே விழுந்தது. காதைச் சோதித்துவிட்டு வரும்படி எழுதிக் கொடுத்தார்கள்.

காது சோதிக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வார்த்தைக்கு வார்த்தை என்னை அம்மா என்றாள். யாருக்கும் அம்மாவாகாத எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, முதலில் வலது காதுக்குச் சத்தம் கொடுத்தாள். பிறகு இடது காதுக்கு. கொசு பறக்கும் அளவுச் சத்தத்துக்கும் கை தூக்கினேன்.

"உங்க வயசுக்கு இவ்வளவு நல்ல காது நான் பார்த்ததில்லம்மா," என்றாள். அதாவது நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஆகிவிட்டது. எழுந்து போகலாம் என்றிருந்தபோது, தலையில் வந்த அடைப்பைப் பற்றிய பழைய சீட்டைப் புரட்டியவள், "இருங்க, இன்னொண்ணு பார்த்துடலாம்," என்றாள்.

இந்த முறை இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்கள் வருமாம். கேட்ட எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம். மரம் என்றேன். கடல் என்றேன். விளக்கு என்றேன். வெகு சுலபமாக இருந்தது. இரண்டு சொல் வரும் என்றாளே, ஒன்றுதானே வருகிறது, மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது ஜோடி முடிந்ததும் காகிதத்தைக் காட்டினாள். வலது காதுக்கு வந்த முப்பதையும் சொல்லியிருந்தேன். இடது காதுக்கு வந்ததில் ஒன்று. அதுவும் குத்துமதிப்பாக விழுந்திருக்கும்.

"இப்போ வலது காதை விட்டுடுங்கம்மா. இடது பக்கம் மட்டும் கவனிங்க. அங்க என்ன வருதோ அதைச் சொன்னா போதும்."

கண்ணை மூடிக்கொண்டேன். தலையை இடது பக்கம் சாய்த்தேன். இடது கையை முஷ்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருபது வருடம் எந்தக் காது வேண்டுமோ அந்தக் காதைத் திருப்பிக்கொண்டவள் நான். என் பலம் முழுவதையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். வாயிலிருந்து வந்ததெல்லாம் வலது காதின் சொற்கள். இடது பக்கம் ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது.

அவள் ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "மூளையில ரெண்டு பாதி இருக்குல்ல. பேச்சைப் புரிஞ்சுக்கற வேலை முக்கால்வாசிப் பேருக்கு இடது பாதிலதான். வலது காதுல விழற வார்த்தை நேரா அங்க போயிடும். இடது காதுல விழறது முதல்ல வலது பாதிக்குப் போய், அப்புறம் இந்தப் பாலத்தைத் தாண்டி வரணும். உங்களுக்கு அடைப்பு வந்தது இந்தப் பாலத்துல."

"அப்போ தனியா கொடுத்தப்ப கேட்டுதே?"

"ஒரு காது மட்டும்னா சுத்து வழியா வந்து சேர்ந்துடும். ரெண்டு காதும் ஒரே நேரத்துல பேசினா சுத்து வழி அடைஞ்சிடும்மா. அப்போ பாலம்தான் ஒரே வழி. எதை எடுக்கறது, எதை விடறதுன்னு ரெண்டு பாதியும் அது மூலமாத்தான் பேசிக்கும். நாம கவனம்னு சொல்றோமே, அதுல பாதி இந்தப் பேச்சுதான்."

"ஹெட்செட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டா?"

"வண்டிக்காரங்க நல்லா கேப்பாங்க. கூப்பிடறவங்க காணாம போயிடுவாங்க."

என் நாற்காலி போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. ஆனால் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "இடது காதுல யாராவது பேசி, நான் கேக்காம விட்டிருந்தா, ஏதோ விட்டுப் போச்சுன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாதும்மா. அவங்க பேசவே இல்லன்னுதான் நினைச்சிருப்பீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஏழாம் வண்டி நான் அழைப்பில் இருக்கும்போது மட்டும்தான் பேசும். அது ஒன்றே என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பதிவுகள் தொண்ணூறு நாள் வரை இருக்கும். எனக்குத் தப்பிப்போன தகவல்கள் வேறென்ன என்று கண்டுபிடிக்க வேண்டும், நானே உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஸ்டாப்வாட்ச்சிடம் சொன்னேன். வைத்தியச் சீட்டைப் படித்த பிறகு அவர் குரல் இறங்கியிருந்தது. பதிவு அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார். காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வலது பக்கத்தை அணைத்துவிட்டு இடது பக்கத்தை மட்டும் ஓடவிட்டேன்.

நான் திரும்பி வந்த முதல் நாளே பேசியிருந்தார்.

"கண்ட்ரோல், ஏழு. ஆறு வாரம் உங்க இடத்துல ஒருத்தர் உட்காந்திருந்தார். நம்ம நாய் குட்டி போட்டிருக்குன்னு சொன்னேன். நோயாளியின் வயசு என்னன்னு கேட்டார்."

டிக். ஒன்றே ஒன்று. பதிவு அறையில் தனியாக உட்கார்ந்து நான் இப்போது சிரித்தேன். அது அவருக்குப் போய்ச் சேர வழியில்லை.

மூன்றாம் நாள்: "குட்டிங்க நாலு. ஒண்ணு உங்களை மாதிரி, யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பிப் பாக்குது." டிக்.

எட்டாம் நாள்: "உடம்பு முடியலையா? முன்ன மாதிரி ரெண்டு டிக் வரவே மாட்டேங்குதே." டிக்.

பன்னிரண்டாம் நாள்: "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா, கண்ட்ரோல்?" டிக்.

நான் கருவியை நிறுத்தினேன். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் அப்படிக் கேட்டதற்கு, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். என் விரலை உடைக்கலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடவிட்டேன்.

பதினைந்தாம் நாள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ட்ரோல். இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன். முதுகு தாங்கல. மகன் அவன் வீட்டோட வந்துடுங்கறான், ஆறு மணி நேரப் பயணம். அதுக்கப்புறம் இந்தப் பேச்சு இருக்காது. அதான், போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உட்காந்து பேசலாமான்னு. சனிக்கிழமை நாலு மணிக்கு, பஸ் டிப்போவுக்கு எதிர்ல இருக்கற பூங்காவுல. வர்றதா இருந்தா அழுத்துங்க. இல்லன்னா சும்மா இருங்க, நான் புரிஞ்சுக்குவேன்."

டிக்.

அவர் சிரித்தது பதிவாகியிருந்தது. அதற்கப்புறம் நோயாளி யாரும் இல்லாத வண்டியில் இரண்டு நொடி சைரனைப் போட்டிருக்கிறார். வலது பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். தன் மாமியார் படிக்கட்டில் விழுந்த விதத்தை ஒரு மனிதர் எனக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை: "ரெண்டு மணி நேரம் இருந்தேன். உங்களுக்கு ஏதாவது வேலை வந்திருக்கும். பரவாயில்ல. இந்த சனிக்கிழமை?" டிக்.

அதற்கடுத்த திங்கட்கிழமை வெகுநேரம் வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "சரி. மரியாதைக்காக அழுத்தறீங்கன்னு எனக்குத்தான் புரியல. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்," என்றார்.

அதற்கும் டிக்.

மதியம் ஸ்டாப்வாட்ச் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஓட்டுநர்களின் சொந்த எண்ணை யாருக்கும் தரக்கூடாது என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவரே அவர்தான். ஒரு படிவத்தை மேஜையில் வைத்தார். "ஏழாம் வண்டிக்காரர் ஓய்வுப் படிவத்துல ஒரு கையெழுத்து விட்டுப் போயிருக்கு. நம்பர் மேல இருக்கு. நீங்களே சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கையெழுத்து இருந்தது.

அந்த எண்ணுக்கு ஃபோன் போட்டேன். நான்காவது மணியில் எடுத்தார். "யாரு?"

"கண்ட்ரோல்," என்றேன். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அடைப்பு, பாலம், முப்பது ஜோடிச் சொற்கள், பட்டன், விரல். "நீங்க பேசினது எதுவும் எனக்குக் கேக்கலைங்க. இன்னிக்குக் காலையிலதான் கேட்டேன். எல்லாத்தையும்," என்றேன்.

"கேக்காமலா அத்தனை தடவை அழுத்தினீங்க?"

"ஆமா."

"அந்த ரெண்டு சனிக்கிழமையும் எங்க இருந்தீங்க?"

"வீட்ல. துணி துவைச்சிட்டு, நீங்க ஏன் பேசறதில்லன்னு உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்குத்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "இப்போ ஃபோனை எந்தக் காதுல வெச்சிருக்கீங்க?" என்றார்.

"இடது காதுல."

"அதுல கேக்குதா?"

"வேற யாரும் பேசலைன்னா கேக்கும்."

"மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் இங்க வேற யாரும் இல்ல."

"இங்கயும் யாரும் இல்லைங்க," என்றேன்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. பதினோரு வருடமும் எங்களுக்கு நடுவில் யாராவது ஒருவர் வலியில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் கத்தும்போதுதான் நாங்கள் பேசியிருக்கிறோம். இப்போது எல்லா நேரமும் எங்களுடையது. எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. கூட்ட அறையில் மின்விசிறியைப் பார்த்து நின்றதுபோலவே ஆகிவிடும், அவர் வைத்துவிடுவார், ஆறு மணி நேரத் தூரத்தில் அவரும் இங்கே நானும் அவரவர் வேலையைப் பார்ப்போம் என்று எனக்குப் பயம் வந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

யாரும் யாரிடமும் கேட்கும் கேள்விதான். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல என்னிடம் ஒரு டிக்தான் இருந்தது. இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காத்திருந்தார்.